ராடு ஒட்டுது, டிப் கருகுது: விலை குறைந்த வெல்டிங், பிளாஸ்மா மெஷின்களில் கோளாறு பார்க்கும் வழி

மதுரை அவனியாபுரத்தில் எங்களுடையது கேட், கிரில் பட்டறை. மெஷின் ரிப்பேர் என் தொழில் கிடையாது. ஆனாலும் இந்தப் பக்கம் யாராவது ஆன்லைனில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கி அது மக்கர் பண்ணினால், முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். "அண்ணே, டம்மி மெஷினைத் தலையில கட்டிட்டாய்ங்கண்ணே" என்பார்கள். எங்கள் பட்டறை பிளக்கில் சொருகி, எங்கள் கேபிளை மாட்டினால், வந்ததில் பாதிக்கு மேல் நன்றாகவே ஓடும். அவர்கள் இடத்தில் ஏன் ஓடவில்லை என்று தேடினால், மெஷினுக்கு முன்னால் இருக்கும் ஒயரிலோ பின்னால் இரும்பைக் கடிக்கும் கிளாம்பிலோதான் கோளாறு கிடைக்கும்.

அந்த அனுபவத்தில் எழுதியது இது. உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

ஒரே ஒரு கண்டிப்பு. மெஷின் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். கீழே சொல்லும் எல்லாச் சோதனையையும் வெளியில் இருந்தே செய்யலாம். தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள்.

ஆன் செய்ததும் எம்சிபி விழுகிறது

முதலில் எம்சிபி, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக விழும் ஸ்விட்ச், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வீட்டு லைனில் இருக்கும் 10, 16 ஆம்பியர் எம்சிபி இதற்குத் தாங்காது. ஆன் செய்யும் நொடியில் கெபாசிட்டர் நிரம்ப ஒரு பெரிய இழுப்பு இருக்கும். 32 ஆம்பியர், சி வகை எம்சிபி இருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சொருகிப் பாருங்கள். அங்கே ஓடினால் மெஷின் மேல் குற்றமில்லை. உங்கள் இடத்தில் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன் இழுக்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை. எம்சிபியை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டுப் பழைய ஒயரை விட்டுவைத்தால் அடுத்து எரிவது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

அங்கேயும் "டப்" என்று விழுந்தால், பிளக் டாப்பைத் திறந்து ஒயர்கள் ஒன்றோடொன்று தொடுகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் உள்ளே கரண்டை மாற்றித் தரும் பாகங்களான ரெக்டிஃபையரோ ஐஜிபிடியோ ஷார்ட் ஆகியிருக்கும். திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒன்று போன இடத்தில் நாலு போகும். போர்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

விழுவது எம்சிபி இல்லாமல் ஆர்சிசிபி என்றால் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். மழையில் நனைந்த மெஷினாக இருந்தால் ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்துவிட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் மெக்கானிக்தான். இதற்கு மருந்தாக எர்த் ஒயரை வெட்டிவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆளைக் காப்பாற்றுகிற ஒயர் அது.

லைட்டே எரியவில்லை

சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று வேறு ஒரு பொருளைப் போட்டுப் பாருங்கள். வந்தால், 16 ஆம்பியர் பிளக்கின் பின்கள் கருகியிருக்கிறதா, உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 10 கேஜ் ராடு ஓட்டும்போது மெஷின் இழுப்பது 20 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் பிளக் எத்தனை நாள் தாங்கும்? 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக்குக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு காரணம், நம் பக்கத்துக்கே உரியது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டுகள் நிறையப் பட்டறைகளில் இரண்டு ஃபேஸில், அதாவது 415 வோல்ட்டில் ஓடியவை. செட்டு போயே போய்விட்டது, சுவரில் பாயிண்ட் மட்டும் இருக்கிறது. புது மெஷின் வாங்கிய தம்பி நேராக அதில் மாட்டுகிறான். ஒரு சத்தம், ஒரு வாடை, கதை முடிந்தது. திருமங்கலத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தது ஒரு ராடு கூட ஓட்டாத மெஷின், ஸ்டிக்கர் பிளாஸ்டிக் கூட உரிக்கவில்லை. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் மெஷினை எந்தப் பட்டறையில் மாட்டினாலும் முதலில் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கிராமத்தில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலும் இதே கதிதான். பல்புகள் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் ஓடிப்போய் மெஷின் பிளக்கை உருவிவிடுங்கள்.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பொறி வரவில்லை

மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, மெஷினின் பிளஸ், மைனஸ் முனைகளில் தொடுங்கள். 55 முதல் 80 வோல்ட் வரை காட்டினால் மெஷின் வேலை செய்கிறது. கேபிள், ஹோல்டர், கிளாம்ப் இந்த மூன்றில் எதிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஷாக் தடுப்புக்காக விஆர்டி வைத்த மெஷின்களில் சும்மா இருக்கும்போது 10, 15 வோல்ட்தான் காட்டும். அப்படி ஒரு பட்டன் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

முனையிலேயே பூஜ்யம் என்றால் உள் கோளாறு, மெக்கானிக். பொறி வைத்த நொடியில் லைட் மங்கி மெஷின் அணைந்து மறுபடி உயிர் பெற்றால், முதலில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சொருகிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் சாஃப்ட் ஸ்டார்ட் ரிலே போயிருக்க வாய்ப்பு அதிகம். சின்ன பாகம்தான், தெரிந்த மெக்கானிக் அரை நாளில் மாற்றிவிடுவார்.

ராடு ஒட்டுகிறது

பத்துப் பேர் வந்தால் பெரும்பாலும் இதைச் சொல்லித்தான் வருவார்கள். பொறுமையாகப் பார்ப்போம்.

*ஆம்ப்ஸ்.* 12 கேஜ், அதாவது 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90. 10 கேஜ், 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130. 8 கேஜுக்கு 140க்கு மேல் வேண்டும், ஆறாயிரம் ரூபாய் மெஷினில் அதை ஓட்ட ஆசைப்பட வேண்டாம். 200 என்று எழுதியிருக்கும் மெஷின் எல்லாம் 200 தருவதில்லை. டிஸ்பிளேயில் தெரியும் எண்ணையும் முழுக்க நம்ப முடியாது, சிலது பத்திருபது கூட்டியே காட்டும். ஒட்டினால் பத்து பத்தாக ஏற்றிப் பாருங்கள். ஆர்க் ஃபோர்ஸ் குமிழ் இருந்தால் அதையும் பாதிக்குத் திருப்புங்கள்.

*ராடு.* ஐப்பசி, கார்த்திகையில் திறந்து கிடந்த பாக்கெட் என்றால் ராடைச் சந்தேகப்படுங்கள். ஈரம் பட்ட ராடு சீறும், விட்டு விட்டு எரியும், பூச்சு பொரிந்து உதிரும். சாதாரண 6013 ராடை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் தேறிவிடும். 7018க்கு 300 டிகிரிக்கு மேல் சூடு காட்டும் அடுப்பு வேண்டும், தகரத்தில் பரப்பி வெயிலில் வைப்பது அதற்குப் பத்தாது. புது பாக்கெட்டில் ஒரு ராடு கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

*கிளாம்பும் கேபிளும்.* மெஷினோடு வரும் எர்த் கிளாம்பை நான் பார்த்தவுடன் கழற்றிவிடச் சொல்வேன். தகடு மெல்லிசு, ஸ்பிரிங் இரண்டு மாதத்தில் தொய்ந்துவிடும். அதைக் கொண்டுபோய் பெயிண்ட் அடித்த கேட்டில் கடிக்க வைத்தால் கரண்ட் எப்படிப் போகும்? கடிக்கும் இடத்தில் கிரைண்டரை ஓட்டி வெள்ளை இரும்பு தெரிய வையுங்கள். அப்புறம் நான் செய்யும் சோதனை இது. தொடர்ந்து இரண்டு ராடு ஓட்டுங்கள். மெஷினை அணைத்துவிட்டு, வரிசையாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: மெஷினில் வெல்டிங் கேபிள் சொருகும் முன்பக்க பிளக், கேபிள் முனையில் இருக்கும் லக், கிளாம்ப் தாடை, ஹோல்டர் கழுத்து. எந்த இடம் மற்றதைவிடச் சுடுகிறதோ அங்கேதான் உங்கள் ஆம்ப்ஸ் செத்துப் போகிறது. முன்பக்க பிளக் சுட்டால் அது முழுக்கத் திருகி இறுகாமல் இருக்கும். லக் சுட்டால் வெட்டிப் புதிது போட்டு அடியுங்கள். கேபிள் முழு நீளத்துக்கும் சுட்டால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியக் கேபிளாக இருக்கும். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 16 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்புக் கேபிளும் ஒரு நல்ல கிளாம்பும் வாங்கிவிடுங்கள். மெஷினில் செய்ய வேண்டிய செலவு முதலில் இதுதான்.

*எக்ஸ்டென்ஷன் ஒயர்.* உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்குத் தூண் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். காலையில் ஓடிய மெஷின் மதியம் ஒட்டுகிறது என்று போன். போய்ப் பார்த்தால், வீட்டுத் திண்ணையில் இருந்து கொட்டகை வரைக்கும் நாற்பது மீட்டர் ஒயர், பந்தலுக்கு சீரியல் லைட் போடுகிற ரகம். மீதி ஒயர் சுருளாகச் சாக்கடை ஓரம் கிடக்கிறது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மெஷின் பக்கத்து சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 222 வோல்ட். அவர் ராடைத் தட்டியதும் 178. "லைன்ல வோல்ட்டேஜ் கம்மிண்ணே" என்றார். திண்ணையில் பார்த்தால் வெல்டிங் நடக்கும்போதும் 210 நிற்கிறது. தொலைந்தது எல்லாம் அந்த ஒயருக்குள்தான்.

கணக்கு சின்னதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர், 25 ஆம்பியர் இழுத்தால் 18 வோல்ட் போய்விடும். கடையில் 1.5 என்று தருவது அதைவிட ஒல்லியாக இருந்தால் இன்னும் மோசம். அதே தூரம் 4 சதுர மில்லிமீட்டரில் 7 வோல்ட்தான் குறையும். இன்னொரு வழி, எக்ஸ்டென்ஷனைக் குட்டையாக்கி வெல்டிங் கேபிளை நீளமாக்குங்கள். எப்படி இழுத்தாலும் ஒயரைச் சுருள் பிரித்துப் போடுங்கள், சுருளாக இருந்தால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

*ஜெனரேட்டர்.* 2, 3 கேவிஏ ஜெனரேட்டரில் 10 கேஜ் ராடு ஓடாது. குறைந்தது 5 கேவிஏ, நிம்மதியாக ஓட்ட 7.5.

இத்தனையும் சரியாக இருந்தும் 100 ஆம்ப்ஸில் 12 கேஜ் ராடு ஒட்டினால் மெஷினை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

ஆர்க் ஒரு பக்கமாக ஓடுகிறது

டிசி மெஷினின் குணம் இது, மூலையிலும் முனையிலும் அதிகம் தெரியும். கிளாம்பை வெல்டிங் போகும் திசைக்கு எதிர்ப்புறம் மாற்றுங்கள், ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். மெல்லிய பைப் ஓட்டை விழுந்தால் ஹோல்டரை மைனஸில் மாட்டி 6013 ராடு போடுங்கள். 7018 என்றால் ஹோல்டர் பிளஸ்ஸில்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் லைட் எரிந்து நின்றுவிடுகிறது

மெஷினை அணைக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும், ஐந்து பத்து நிமிடத்தில் தானாக வரும். ஸ்டிக்கரில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்ப்ஸில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் ஓட்டலாம் என்று பொருள். அதுவும் பெரும்பாலும் 40 டிகிரிக்குள் இருக்கும் காற்றை வைத்துச் சொன்ன கணக்கு. சித்திரை மாதத்தில் மதுரை மொட்டை மாடியில், தகர ஷீட்டின் மேல் வைத்து ஓட்டினால் அந்த ஆறு நிமிடமும் கிடைக்காது. நிழலில் வையுங்கள், ஈரச் சாக்கை மேலே போடாதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், போட்டு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முன்பைவிடச் சீக்கிரம் எரிகிறது என்றால் தூசி. கிரைண்டர் பொறி பறக்கும் திசையில் மெஷின் இருந்தால் ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கரண்ட் கடத்தும், ஒரு நாள் போர்டையே எடுத்துவிடும். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசி கடத்தாது, ஆனால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்கில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். வாரம் ஒரு முறை பிளக்கை உருவிவிட்டு, வெளித் துவாரம் வழியாகவே கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஃபேன் சுற்றவே இல்லையென்றால் அதோடு வேலை பார்க்காதீர்கள். ஃபேன் மாற்றும் செலவு சில நூறு, விட்டால் ஐஜிபிடி போகும். காலையில் ஆன் செய்ததுமே, மெஷின் சில்லென்று இருக்கும்போதே மஞ்சள் லைட் எரிந்தால் அது சூடு இல்லை, உள் கோளாறு.

பாடியைத் தொட்டால் சுள்ளென்கிறது

உடனே நிறுத்துங்கள். பிளக்கில் எர்த் பின் தொடர்பு இருக்கிறதா, உங்கள் இடத்தில் எர்த் குழியே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இதில் நீங்களே செய்ய ஒன்றும் இல்லை.

பிளாஸ்மா கட்டர்: இங்கிருந்து வேறு கதை

வெல்டிங் மெஷினில் கரண்ட் ஒன்றைப் பார்த்தால் போதும். கரண்டையும் காற்றையும் வைத்துத் தகடு வெட்டும் 40 ஆம்ப்ஸ் பிளாஸ்மா வாங்கியவர்கள் காற்றையும் பார்க்க வேண்டும். தொல்லையில் பெரும் பங்கு காற்றில்தான். இன்னொரு எச்சரிக்கை: டார்ச் முனையில் மல்டிமீட்டர் வைக்காதீர்கள். 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், பற்ற வைக்கும் நொடியில் ஆயிரக்கணக்கில் வோல்ட் வரும். மீட்டரும் போகும், உங்களுக்கும் ஆபத்து. டார்ச் முனையில் இருக்கும் ஓட்டை வைத்த டிப்பை மாற்றும்போதும் பிளக்கை உருவிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முன் கப்பை இறுக்கித் திருகுங்கள், சில டார்ச்சுகளில் கப் சரியாக உட்காராவிட்டால் மெஷின் வேலை செய்யாது. அடுத்து டார்ச் ஸ்விட்ச் ஒயர். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து அறுந்துபோகும். பிளக்கை உருவிவிட்டு, ஸ்விட்சின் இரண்டு பின்னில் மீட்டரைப் பீப் நிலையில் வைத்து அழுத்திப் பாருங்கள். பீப் வராவிட்டால் ஒயரோ ஸ்விட்சோ போயிருக்கிறது. வந்தால் மெக்கானிக்.

காற்று வருகிறது, பற்றவில்லை

காதைக் கொடுங்கள். பட்டனை அழுத்தும்போது "ஜிர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறதா? வந்தால் பற்ற வைக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. கிளாம்பை வெள்ளை இரும்பில் மாட்டுங்கள், ஆரம்பிக்கும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டுங்கள், தகட்டின் நடுவில் ஆரம்பிக்காமல் ஓரத்தில் ஆரம்பியுங்கள். பைலட் ஆர்க் (தகட்டைத் தொடும் முன்பே டார்ச்சில் பற்றும் பொறி) இல்லாத விலை குறைந்த மெஷினில் பழைய ஷட்டர் தகட்டை வெட்டப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அப்படியும் பற்றாவிட்டால் கப்பைக் கழற்றி உள் எலக்ட்ரோடைப் பாருங்கள். நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தில் ஒரு புள்ளி இருக்கும். அது குழிந்து ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிப்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

"ஜிர்ர்" சத்தமே இல்லையென்றால் உள்ளே இருக்கும், பற்ற வைக்கும் ஸ்பார்க் கேப் பகுதியில் கோளாறு. அதைத் தொடாதீர்கள்.

ஒரு அடி வெட்டுகிறது, அப்புறம் திணறுகிறது

கம்ப்ரஸர்தான். பஞ்சர் கடையில் இருக்கும் 1 எச்பி, 25 லிட்டர் ரகத்தைப் பிளாஸ்மாவுக்கு மாட்டினால் இப்படித்தான் ஆகும். மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் கேஜைக் காற்று ஓடாதபோது பார்த்துப் பயனில்லை. காற்று போய்க்கொண்டிருக்கும்போது 4.5 முதல் 5 பார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அடுத்து ஃபில்டர் அடைப்பு. கடைசியாக 2 எச்பி கம்ப்ரஸர், 50 லிட்டருக்குக் குறையாத டேங்க். அந்தச் செலவு மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

காற்று சரியாக இருந்தும் அடிப்பக்கம் வரை போகவில்லையென்றால், தகட்டின் தடிமனைப் பாருங்கள். பெட்டியில் 12 மி.மீ. என்று போட்டிருந்தாலும், 40 ஆம்ப்ஸ் மெஷின் சுத்தமாக வெட்டுவது 8 மி.மீ. வரைதான் என்பது என் கை அனுபவம். அதற்கு மேல் அது வெட்டாது, உருக்கிக் கிழிக்கும்.

டிப்பும் எலக்ட்ரோடும் சீக்கிரம் கருகுகிறது

காற்றில் தண்ணீர். ஒரு வெள்ளைத் தாளை டார்ச் முன்னால் பிடித்து, காற்றை மட்டும் விட்டுப் பாருங்கள். ஈரப் புள்ளி விழுந்தால் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், ஃபில்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். மழைக்காலத்தில் இதைத் தினமும் செய்ய வேண்டும். எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது.

தண்ணீர் இல்லையென்றால் பழக்கம். டிப்பைத் தகட்டில் தேய்த்துக்கொண்டே போவது, தகட்டின் நடுவில் நேர்க்குத்தாக வைத்துத் துளைப்பது, வெட்டி முடித்ததும் காற்று நிற்கும் முன்னால் மெஷினை அணைப்பது. துளைக்கும்போது டார்ச்சைச் சற்றே சாய்த்து ஆரம்பித்தால் உருகிய இரும்பு டிப்பின் மேல் திரும்பித் தெறிக்காது.

வெட்டு சாய்கிறது, அடியில் கசடு தொங்குகிறது

டிப் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள், வட்டமாக இல்லையென்றால் மாற்றுங்கள். வட்டமாகவே இருந்தும் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் அது இயல்பு. காற்று சுழன்று வருவதால் வெட்டின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிவாகவும் வரும், பெரும்பாலான டார்ச்சில் போகும் திசைக்கு வலது பக்கம் நேராக இருக்கும். வேண்டிய துண்டு வலது கைப்பக்கம் வருகிற மாதிரி ஓட்டுங்கள்.

கசடைச் சுத்தியால் தட்டுங்கள். மொத்தையாக இருந்து லேசாகத் தட்டினதும் விழுந்தால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள். மெல்லிசாக, கிரைண்டர் போட்டால்தான் போகும் என்றால் அதிக வேகம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கேபிள், ஹோல்டர், கிளாம்ப், உங்கள் எக்ஸ்டென்ஷன் ஒயர், பிளாஸ்மா என்றால் டார்ச்சும் பழைய டிப்புகளும் எல்லாம் போகட்டும். எந்த ராடு, எத்தனை ஆம்ப்ஸ், எத்தனை நிமிடத்தில் நின்றது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாரண்டி இருக்கும் மெஷினில் ஸ்க்ரூ மேல் ஒட்டிய சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கிழிந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். செலவு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபேனையும் முன்பக்க பிளக்குகளையும் மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மெஷினுக்கு ஆகும்.